தொப்பிக்காரர் கையால் மட்டும் தின்ற குதிரை

1

கண்ணுகளா, இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது ஒரு பேச்சுத் துண்டுதான். மீதியெல்லாம் நானாகப் போட்டுக்கொண்டது.

கோடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "எங்க வீட்டுல ஒரு குதிரை கெடந்துச்சு. தொப்பி போட்ட ஆளு கையால குடுத்தாத்தான் திங்கும். நாங்க பட்ட பாடு இருக்கே."

அதற்குள் பண்ணைக்காடு பிரிவு வந்துவிட்டது. அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். என்ன பாடு என்று ஜன்னல் வழியே கேட்கப் பார்த்தேன். கண்டக்டர் தலையை உள்ளே இழுக்கச் சொன்னார். நான் வத்தலக்குண்டு சந்தைக்குப் புளி வாங்கப் போனவள். புளியை மறந்துவிட்டுக் குதிரையோடு வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசம் இல்லை.

அவர்கள் பட்ட பாடு என்னவாக இருக்கும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். யோசித்தது கீழே இருக்கிறது. கோணல் இருந்தால் அது என் கோணல். அந்த அம்மாள் மேல் பழி போடாதீர்கள்.

2

ஆரம்பம் எழுதுவதுதான் கஷ்டம். நான் எழுதிப் பார்த்தவை இவை.

"உறைபனி படிந்த அந்தக் காலையில், கோடைக்கானல் ஏரி தன் வெள்ளிக் கண்ணாடியில் முகம்—"

நிறுத்திவிட்டேன். ஏரிக்கு முகம் பார்க்கிற அவசரம் எதுவும் இல்லை.

"வாயில்லா ஜீவன்களுக்கு மனித குலம் இழைத்த கொடுமைகளை எண்ணிப் பார்க்கும்பொழுது—"

இது மைக் பிடித்தவர் பேச்சு. மைக்கை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

"நான் ஒரு குதிரை. என் தாயை நான் பார்த்ததில்லை."

இப்படி ஒரு பக்கம் போனது. குதிரை என்னைவிட நல்ல தமிழ் எழுதியது. பொறாமையாக இருந்ததால் அதையும் விட்டுவிட்டேன்.

ஆக, சும்மா சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர்கள் மலைப் பங்களாக்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறிப் பத்து வருஷம் ஆகியிருந்த சமயம். ஏரிக்கு மேலே மேட்டில் அப்படி விற்ற பங்களா ஒன்று. வாங்கியவர் பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த சேனாதிபதி. அவர் வெயில் காலத்தில் வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் பங்களாவைப் பார்த்துக்கொண்டவர் வாட்ச்மேன் கஸ்பார். பின்கட்டு வீட்டில் அவர், அவர் மனைவி அருள்மேரி, மகள் செல்வமேரி. செல்வமேரிக்குக் கல்யாண வயது. பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வீணாக்கக் கூடாது என்று கோழிகளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

சீசனில் ஏரியைச் சுற்றிச் சவாரிக் குதிரைகள் ஓடும். சீசன் முடிந்தால் அவற்றுக்குத் தீனி போடுவது தண்டம் என்று சிலர் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட ஒரு குதிரை, முன்னங்கால் நொண்டி, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஏரியோரச் சேற்றில் வயிறு வரை இறங்கி நின்றது. சுள்ளி பொறுக்கப் போன அருள்மேரி பார்த்தாள். தன் கம்பளியை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, ரோட்டில் போன உருளைக்கிழங்கு லாரிக்காரர்களைக் கூப்பிட்டு, இழுத்து வெளியே போட்டாள். வீட்டுக்கும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்ன புள்ள இது?" என்றார் கஸ்பார்.

"குதிரை."

"அது தெரியுது. எதுக்குன்னு கேட்டேன்."

"சேத்துல கெடந்துச்சு."

"சேத்துல என்னென்னமோ கெடக்கும். எல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டாந்துருவியா?"

"ஒங்களையும் அங்கனருந்துதான கொண்டாந்தேன்" என்றாள் அருள்மேரி. கஸ்பார் குடியை விட்டது அவளைக் கட்டிய பிறகுதான்.

3

அருள்மேரி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பெண் எதற்காக நொண்டிக் குதிரையை வீட்டுக்கு ஓட்டி வர வேண்டும்? படிக்கிறவர்கள் காரணம் கேட்பார்கள் என்று நினைத்து, "அருள்மேரிக்குக் குழந்தை இல்லை" என்று எழுதினேன். எழுதி முடிக்கவில்லை, செல்வமேரி கோழிக்கூண்டுப் பக்கமிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடித்துவிட்டேன்.

"அவள் தகப்பனாரும் ஒரு காலத்தில் குதிரை—" என்று இன்னொன்று. அதையும் அடித்துவிட்டேன். அவள் தகப்பனார் பேரிக்காய்த் தோட்டத்தில் இருந்தவர். அவரை எதற்குக் குதிரையில் ஏற்றுவது.

உண்மையில் அவளுக்குக் காரணம் இல்லை கண்ணுகளா. ஒரு உயிர் சேற்றில் கிடந்தது. அன்றைக்கு அவளுக்கு வேறு சோலி இல்லை. நம் வீடுகளில் பாதி நல்ல காரியம் இப்படித்தான் நடக்கிறது.

சந்தியாகு என்று பேர் வைத்தாள். வெள்ளைக் குதிரையில் வருகிற புனிதர் சந்தியாகப்பர் பேரைச் செம்பட்டைக் குதிரைக்கு வைக்கலாமா என்று கேட்டார் கஸ்பார். குளிப்பாட்டினால் வெள்ளையாக வந்தாலும் வரும் என்றாள் அருள்மேரி. வரவில்லை. பேர் நின்றுவிட்டது.

குதிரை இழுத்த இடத்துக்கு வந்தது. நில் என்றால் நின்றது. தின்ன மட்டும் மாட்டேன் என்றது. பனியில் புல்லெல்லாம் கருகிப்போயிருந்தது. கொள்ளு அவித்துக் கையில் வைத்து நீட்டினாள். திரும்பிப் பார்க்காமல் குளியலறைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. கஸ்பார் நீட்டினார். நடுங்கியது. செல்வமேரி "ஈட், டார்லிங், ஈட்" என்றாள். காது மட்டும் அசைந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பித்தது.

(வைத்துவிட்டு ஆள் தள்ளிப் போனால் தானாகத் தின்னாதா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. அப்படித் தின்றுவிட்டால் கதை இங்கேயே முடிந்துவிடும். அதனால் குரங்குகளை வரவழைத்தேன். வைத்த கொள்ளையெல்லாம் குரங்கு தின்றது. கோடைக்கானலில் இதை நம்ப மறுப்பவர் யாரும் இல்லை.)

கோயில்பிள்ளை அடைக்கலராஜ் வந்து பார்த்தார். பூசைக்கு மணி அடிப்பதும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அவர் வேலை. ஊர்க் காரியங்களுக்குக் காரணம் சொல்வது அவராக எடுத்துக்கொண்டது. குதிரையைச் சுற்றி வந்தார். அதன் பல்லைப் பார்த்தார்.

"ஏம்மா, இது சவாரிக்கு முன்னால யார்கிட்ட இருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும். அமெரிக்கன் மிஷன்ல வண்டி இழுத்துச்சுன்னு லாரிக்காரரு சொன்னாரு."

"அதான் பாத்தேன். இது பிரிவினை சபைக் குதிரை. புராட்டஸ்டண்டுக்காரங்க சிலுவை போடுறதில்ல. நீங்க சாப்பாட்டுக்கு முன்னால சிலுவை போடுறீங்கள்ல, அத அதால தாங்க முடியல."

"இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"வனத்து அந்தோணியார் திருநாள் வருதுல்ல. கொண்டா. தீர்த்தம் தெளிச்சுருவோம்."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். அவர்கள் சிரிக்கவில்லை. விலா எலும்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு எந்த வழியும் வழிதான்.

4

வனத்து அந்தோணியார் திருநாளில் ஆடு மாடுகளைக் கோயிலுக்குக் கொண்டுவந்து மந்திரிப்பது வழக்கம். கொம்பில் வர்ணம் பூசிய மாடுகள், மாலை போட்ட ஆடுகள், கூடையில் கோழிகள், எதற்கென்று தெரியாமல் வந்த ஒரு நாய். வரிசையின் கடைசியில் சந்தியாகு, நிற்கவே தள்ளாடிக்கொண்டு.

பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். தலையில் நாலு மூலைக் கறுப்புத் தொப்பி. தோட்டக்காரர் யாரோ காணிக்கையாகக் கொடுத்த கேரட் கட்டு ஒன்று அவர் இடது கையில் இருந்தது. குதிரையிடம் வந்து நின்றார்.

(இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாய் காப்பி குடித்தேன். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருந்தும் எனக்குப் பதற்றமாக இருந்தது.)

சந்தியாகு கழுத்தை நீட்டி, சாமியார் கையிலிருந்த கேரட்டை இலையோடு தின்றது. கட்டு முழுவதையும் தின்றது. பிறகு சாமியார் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. அவர் கோயிலுக்குள் ஏறினார். அதுவும் படியேறி உள்ளே போய், அவர் தொப்பியை நக்க ஆரம்பித்தது.

"மனந்திரும்பிருச்சு சாமி" என்றார் அடைக்கலராஜ். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மனந்திரும்பினது இருக்கட்டும். மொதல்ல இத வெளிய கொண்டுபோ" என்று சாமியார் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

குதிரை பின்வாங்கியது. வாயோரத்தில் தொங்கிய கேரட் இலையைத் துப்பிவிட்டது. நடுக்கம் வந்துவிட்டது. சாமியார் மறுபடி தொப்பி போட்டார். குதிரை கிட்டே வந்தது.

கோயிலில் எல்லாரும் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருள்மேரி தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி, இன்னொருக்கா கழட்டுங்க."

"என்னம்மா?"

"கழட்டிட்டுப் போடுங்க சாமி, கோவிச்சுக்காம."

சாமியார் நல்லவர். பங்கு மக்கள் அத்தனை பேர் பார்க்கக் கழற்றினார், போட்டார், கழற்றினார், போட்டார். குதிரை போனது, வந்தது, போனது, வந்தது. வாசலில் நின்ற நாய் குரைத்தது.

5

சவாரி போக வருகிற சீசன்காரர்கள் எல்லாரும் தொப்பி போட்டவர்கள். கேரட் கொடுப்பார்கள், சீனிக்கட்டி கொடுப்பார்கள், கழுத்தைத் தட்டுவார்கள். குதிரையை ஓட்டுகிறவர்கள் தொப்பி போடாதவர்கள். அவர்கள் கையில் சாட்டை. இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம் என்று தோன்றுகிறது. இதில் அரசியல் வாசனை வருகிறதே என்று என் தோழி சோலையம்மாள் சொன்னாள். குதிரைக்குச் சுதந்திரம் வந்த சேதி தெரியாது. அதற்குத் தெரிந்தது கையில் என்ன இருக்கிறது என்பது. கையைப் பார்க்கும் முன் தலையைப் பார்த்துவிட்டால் அடி வாங்காமல் தப்பிக்கலாம் என்று கற்றுக்கொண்டிருந்தது.

"சரி. சாமியாரத் தெனமும் கூப்புட முடியுமா?" என்றார் கஸ்பார்.

தலையில் துண்டு கட்டிப் பார்த்தார்கள். குதிரை ஏமாறவில்லை. ஜனவரியில் பஜாரில் சீசன் கடையெல்லாம் பூட்டிக் கிடந்தது. ஊரிலேயே தொப்பி இருந்த இடம் ஒன்றுதான் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அது பங்களாவின் பெரிய அலமாரி. பங்களாவை விற்ற துரை தன் தொப்பிகளை அதிலேயே விட்டுப் போயிருந்தார். சேனாதிபதிக்கு அந்த அலமாரிதான் பெருமை. அவர் தொப்பி போட்டதில்லை; வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவார். முந்தைய வாட்ச்மேன் அதிலிருந்த ஒரு கோட்டை ஒரே ஒரு குளிர் நாளில் போட்டுப் பார்த்தான். அன்றைக்கே வேலையும் போனது, வீடும் போனது. கஸ்பாருக்கு வேலை கிடைத்தது அப்படித்தான்.

"பூச்சி உருண்டை போடத்தான் அலமாரியத் தொறக்கணும்னு மொதலாளி சொல்லிருக்காரு" என்றார் கஸ்பார்.

"அதுக்குத்தான் தொறக்கப்போறேன்" என்றாள் அருள்மேரி. "தொப்பி தானா வந்து தலைல ஒக்காந்துருச்சுன்னா நான் என்ன பண்ணட்டும்?"

துரைமார் வெயிலுக்குப் போடுகிற கெட்டியான சோலா தொப்பி கஸ்பார் தலைக்கு வந்தது. குதிரை அவர் கையில் கொள்ளு தின்றது. மூன்று பேரும் அது மெல்லுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

தொப்பி வந்த பிறகு கஸ்பார் கொஞ்சம் மாறிப்போனார். நிமிர்ந்து நடந்தார். கேட்டுக்கு வெளியே நின்ற அடைக்கலராஜைப் பார்த்து "யெஸ், வாட் யூ வாண்ட்?" என்றார். அடைக்கலராஜ் அரண்டுபோய் "ஒண்ணுமில்ல துரை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய், பாதி வழியில் நினைவு வந்து, திரும்பி வந்து திட்டினார்.

அருள்மேரிக்குத் துரைசானியின் இறகு வைத்த தொப்பி.

"எப்பிடி இருக்கு?" என்று மகளைக் கேட்டாள்.

"துரைசானி மாதிரி இல்லம்மா. துரைசானி வளத்த கோழி மாதிரி இருக்க."

சீசன் வந்தால் முதலாளி வருவார், அலமாரி அவர் கைக்குப் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்குள் குதிரை தொப்பி இல்லாத கையில் தின்னப் பழக வேண்டும். இல்லாவிட்டால் குதிரை போகும், அல்லது வேலையும் வீடும் போகும். அருள்மேரி ஒரு வழி கண்டுபிடித்தாள். தொப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கிக்கொண்டு போவது.

சோலா தொப்பியிலிருந்து இறகுத் தொப்பி. அதிலிருந்து துரை வீட்டுப் பிள்ளையின் கம்பளித் தொப்பி, உச்சந்தலையில் ஒட்டவைத்த மாதிரி. மாசி முடிகிறபோது அவள் வந்து சேர்ந்தது டீ பானை ஆறாமல் இருக்க மேலே கவிழ்க்கிற கம்பளிக் குல்லாவுக்கு. பானையின் மூக்குக்கு ஒன்று, பிடிக்கு ஒன்று என்று அதில் இரண்டு ஓட்டை உண்டு. அவள் காதுகள் அது வழியே வெளியே வந்துவிட்டன. குதிரை வெகுநேரம் அவளைப் பார்த்தது. தன் இனம் என்று நினைத்ததோ என்னவோ, தின்றது.

ஒவ்வொரு வேளையும் கடைசி வாய்க்கு முன்னால் குல்லாவைக் கழற்றிவிட்டு வெறும் தலையோடு கையை நீட்டுவாள். குதிரை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முன்பெல்லாம் குளியலறைக்குப் பின்னால் போய்விடும். இப்போது முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு அங்கேயே நின்றது. சாயங்காலம் அவர்கள் ஜெபமாலை சொல்லும்போது ஜன்னல் வழியே தலையை உள்ளே விட்டு, "அருள் நிறைந்த" என்னும் இடத்தில் பெருமூச்சு விட்டது.

"இன்னும் கொஞ்ச நாள்" என்றாள் அருள்மேரி. "சீசனுக்குள்ள சரியாயிரும்."

6

இந்த இடத்துக்கு ஒரு வில்லன் வேண்டியிருந்தது. சேனாதிபதிக்கு முறுக்கு மீசை வைத்தேன். தங்கப்பல் கட்டினேன். "அவர் சிரித்தால் கடைத்தெருவே—" என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் காரிலிருந்து இறங்கிவிட்டார். மீசை இல்லை. தலைமுடியும் இல்லை.

பங்குனி உத்திரக் கூட்டம் ஓய்ந்ததும் அவர் பழனி மலையில் மொட்டை போட்டிருந்தார். சந்தனம் பூசிய தலையோடு, சீசனுக்கு முன்னாலேயே, சொல்லாமல் வந்துவிட்டார். நல்லவேளை, அது தீனி நேரம் இல்லை. தொப்பிகள் அலமாரியில் இருந்தன; கஸ்பார் இன்னும் விடாமல் போட்டுக்கொண்டிருந்த, காலையில் குதிரை நக்கிய சோலா தொப்பியும்.

சந்தியாகு அந்த மஞ்சள் மொட்டையைப் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் குளியலறைக்குப் பின்னால் போய்விட்டது.

"ஏம்ப்பா கஸ்பாரு, அங்க ஒரு குதிரை போற மாதிரி இருந்துச்சே."

"ஆமாங்க மொதலாளி. சேத்துல கெடந்துச்சுங்க. ஓரமா கெடக்கட்டும்னு..."

"சரி சரி. எனக்கு மண்டை விறைக்குது. அந்தத் துரை தொப்பி ஒண்ணு எடு. இன்னைக்காச்சும் போட்டுப் பாப்போம்."

கஸ்பார் சோலா தொப்பியைக் கொண்டுவந்தார். சேனாதிபதி அதைத் தடவிப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே."

"பனிங்க மொதலாளி."

"அலமாரிக்குள்ளயா?"

"கோடைக்கானல் பனிங்க."

சேனாதிபதி யோசித்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து விரலால் எடுத்தார். குளியலறைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மெதுவாக வந்தது. அவர் கை முழுவதையும் நக்கியது. அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது.

சேனாதிபதி அசையவில்லை.

"கஸ்பாரு, ஒண்ணு சொல்லவா. ஈ எறும்பு தவிர, தானா எதுவும் எங்கிட்ட வந்ததில்லப்பா. பெத்த பயலுக கூப்புட்டாலும் வரமாட்டானுக. இது கூப்புடாமலே வந்து நிக்கிது பாரு."

(இவரை வைத்துக்கொண்டு நான் என்ன வில்லத்தனம் செய்வேன். தங்கப்பல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.)

அன்றைக்கே குதிரைக்கு வேலாயுதம் என்று பேர் மாறியது. மறுநாள் சேனாதிபதி முடிவு சொன்னார். கிழங்கு லாரியில் அதைப் பழனிக்குக் கொண்டுபோகிறார். கடை வாசலில் கட்டி வைப்பார். அவரிடம் மட்டும் வருகிற குதிரை அவரிடம்தானே இருக்க வேண்டும்.

அருள்மேரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மொதலாளி, தொப்பியையும் கொண்டுபோறீங்களா? அங்கயும் போட்டுக்கிருவீங்கள்ல?"

"பழனிலயா?" சேனாதிபதி சிரித்தார். "முருகனுக்கு முடி குடுத்துட்டு, அத மூடிக்கிட்டா கடைல ஒக்காருவாங்க? ஊருக்குள்ள வெறுந்தலையாத்தான் திரியணும். தொப்பி இங்கயே அலமாரில கெடக்கட்டும்."

7

அன்றைக்குச் சாயங்காலம் ஜெபமாலை சொல்லவில்லை. குதிரை ஜன்னலில் தலையை விட்டுக் காத்திருந்துவிட்டு வெளியே எடுத்துக்கொண்டது.

நான் எதிர்பார்த்தது கஸ்பார் பயப்படுவார், அருள்மேரி உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று. அப்படித்தான் எழுதவும் ஆரம்பித்தேன். அவர்கள் மாற்றிப் பேசினார்கள்.

"சொல்லிருவோம் புள்ள" என்றார் கஸ்பார். "அது தொப்பியப் பாத்துத்தான் வருது, ஒங்களப் பாத்து இல்லன்னு சொல்லிருவோம். பழனில போய், வச்சதக் கொரங்குக்குக் குடுத்துட்டு வாயக் கட்டிக்கிட்டுச் சாகும். நம்ம கண்ணுக்கு முன்னால சேத்துலயே செத்துருக்கலாம்."

"சொன்னா ஒடனே ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாரு."

"கேக்கட்டும். தெனமும் போட்டோம்னு சொல்றேன். வீட்ட விட்டுப் போகச் சொல்லுவாரு. போவோம்."

"எங்க போறது? சொல்லுங்க. கல்யாணத்துக்கு நிக்கிற புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போறது?"

"ஐ டோண்ட் மைண்ட்" என்றாள் செல்வமேரி.

"நீ சும்மா இரு" என்று மகளை அடக்கிவிட்டுக் கஸ்பார் பக்கம் திரும்பினாள் அருள்மேரி. "நீங்க சொன்னா தொப்பியப் பத்தித்தான் பேச்சு வரும். குதிரையப் பத்தி வராது. தொப்பியத் தொட்டதுக்கு நம்மளப் போகச் சொல்லிட்டு, குதிரையையும் ஏத்திக்கிட்டுப் போவாரு. அந்த மனுசனுக்கும் ஒண்ணும் மிஞ்சாது. பாத்தீங்கள்ல, அது தோள்ல சாஞ்சப்ப அவரு மூஞ்சிய?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

அருள்மேரி அடுப்பில் கொள்ளை ஏற்றினாள். "வெள்ளனே லாரி வந்துரும். அதுக்குள்ள வேகணும்" என்றாள்.

(சோலையம்மாள் இதுவரை படித்துவிட்டு, "டீக் குல்லாவைப் பேசாமல் லாரிக்காரன் தலையில் கவிழ்த்து அனுப்பிவிடு" என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் லாரிக்காரர் கிழங்கை இறக்கிவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். குதிரைக்கு மறுநாளும் பசிக்கும்.)

8

காலை. லாரியின் பின்பலகையை இறக்கிப் பலகைச் சரிவு போட்டிருக்கிறார்கள். அடைக்கலராஜ் வழியனுப்ப வந்திருக்கிறார், கையில் தீர்த்தச் செம்போடு, எதற்கும் இருக்கட்டும் என்று. சேனாதிபதி சோலா தொப்பியோடு குதிரையின் கயிற்றைப் பிடித்துச் சரிவு வரை கூட்டி வந்துவிட்டார். அங்கே தொப்பியைக் கழற்றிக் கஸ்பாரிடம் கொடுத்தார்.

"உள்ள வச்சுப் பூட்டிரு. வேலாயுதம், வா."

குதிரை அந்தச் சந்தனத் தலையைப் பார்த்தது. நடுங்கியது. கயிறு இழுத்தால் வருகிற குதிரை, அதனால் ஒரு அடி எடுத்து வைத்தது. சேனாதிபதி நடுக்கத்தைக் கவனிக்கவில்லை. குளிர் என்று நினைத்துக்கொண்டார்.

"மொதலாளி" என்றாள் அருள்மேரி. தலையில் குல்லா இல்லை, முக்காடும் இல்லை. எண்ணெய் வைத்து வாரிய தலை. கையில் அவித்த கொள்ளு, ஆவி பறந்துகொண்டிருந்தது. "போறதுக்கு முன்னால ஒரு வாய் குடுத்துக்கிறேன்."

"அது எங்கிட்டதான்ம்மா திங்கும். நீதான் பாத்தேல்ல."

"பாத்தேன். திங்கலைன்னா ஏத்திக்கிட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"தின்னுருச்சுன்னா?"

அவள் கொள்ளை ஊதி ஆற்றினாள். சேனாதிபதி அவளையும் குதிரையையும் பார்த்தார். சந்தனத் தலையைத் தடவிக்கொண்டார். கயிற்றைத் தளர விட்டார்.

அருள்மேரி கையை நீட்டினாள்.

இதற்கு மூன்று முடிவு எழுதினேன்.

முதலாவதில் தின்றுவிட்டது. மேகம் விலகி வெயில் வந்தது. சேனாதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு "இது உன் குதிரைம்மா" என்றார். படித்துப் பார்த்தேன். பஞ்சாமிர்த டப்பாவின் மேல் ஒட்டுகிற படம் மாதிரி இருந்தது. தித்திப்பு தாங்கவில்லை.

இரண்டாவதில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. லாரி கிளம்பி வளைவில் மறைந்தது. இதை எழுதிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன். அடுப்பில் போட்டேன். அந்தச் சூட்டில்தான் அன்றைக்குத் தண்ணீர் காய்ச்சினேன்.

மூன்றாவதில், கஸ்பார் மடியில் ஒளித்து வைத்திருந்த டீக் குல்லாவைக் குதிரை இழுத்துத் தின்றுவிட்டது. சேனாதிபதி "அது என்ன?" என்று கேட்டார். "பனிங்க" என்றார் கஸ்பார். இதற்கு நானே வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்துப் பார்த்தால், அருள்மேரியின் கை நீட்டியபடியே இருந்தது. கொள்ளு ஆறிக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை கண்ணுகளா. குதிரை குனிந்திருக்கிறது. அவ்வளவு வரை எனக்குத் தெரிகிறது. மோந்து பார்க்கவா, முகத்தைத் திருப்பவா என்று தெரியவில்லை. நான் ஏதாவது எழுதினால் அது அந்தக் குதிரைக்குக் கடிவாளம் போடுகிற மாதிரி ஆகிவிடும். அவளுக்கோ கை வலிக்கிறது. அந்தக் கொள்ளைக் கொஞ்ச நேரம் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளங்கையை நன்றாக விரித்துத் தட்டையாக வையுங்கள். விரலை மடக்க வேண்டாம். கட்டைவிரலை ஓரமாக ஒட்டி வையுங்கள், இல்லாவிட்டால் கொள்ளு என்று நினைத்துக் கடித்துவிடும். கூப்பிட வேண்டாம். அதன் கண்ணையே முறைத்துப் பார்க்க வேண்டாம். மூச்சு சூடாக வரும், ஈரமாக இருக்கும், கையை இழுத்துவிடாதீர்கள். பின்னால் லாரிக்காரர் ஹார்ன் அடிப்பார், அடித்துவிட்டுப் போகட்டும்.

தலையில் ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள்.